முடி வந்தது, மேடை போயிற்று! பியானோ வித்வானாக விரும்பிய மைசூர் மகாராஜா

விருதுநகரை அடுத்த சூலக்கரையில் கல்யாண வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பொழுது விடியும் முன்பே ஒலிபெருக்கி சொல்லிவிடும். முதலில் நாகசுரம் முழங்கும். பல வீடுகளில் அது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமாக இருக்கும்.

கோவில்பட்டியில் வாழ்ந்த அந்த மேதை 1964-ம் ஆண்டு காலமானார். ஆனால் அவருடைய நாகசுரம் ஓயவில்லை. அவரைக் கண்ணால் பார்த்திராத பேரன் பேத்திகளின் கல்யாணத்திலும் அவர்தான் வாசிக்கிறார். காரணம் என்ன? இசைத்தட்டு!

சிவகாசி வாணம் ஒன்று வானத்தில் பூவாக விரிந்து அணைந்துவிட்டால், அதே வாணத்தைத் திரும்பப் பார்க்க முடியாது. வாசித்து முடித்த சங்கீதமும் அப்படித்தான். தட்டில் பிடித்து வைத்தால் உண்டு. இல்லையேல் காற்றோடு போயிற்று.

இந்த உண்மையை நன்கு உணர்ந்த ஒருவர், அதே 1964-ம் ஆண்டு மே மாதம் சென்னை ராஜ்யத்தின் கவர்னராக வந்தார். சூலக்கரையும் விருதுநகரும் அப்போது ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவை. பத்திரிகைகளில் புதிய கவர்னரின் படத்தை அந்த ஜில்லா மக்களும் பார்த்தார்கள். அவர் மைசூரின் மகாராஜாவாக இருந்தவர். பெயர் ஜெயசாமராஜ உடையார்.

அரண்மனை, யானை, தசரா ஊர்வலம் ஆகியவை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மகாராஜா இளமையில் ஆசைப்பட்டது சிம்மாசனத்துக்கு அல்ல. பியானோ வாத்தியத்தின் முன்னால் போட்டிருக்கும் சாதாரண ஆசனத்துக்குத்தான்!

ஆம்! மேல்நாட்டு மேடைகளில் கச்சேரி செய்யும் பியானோ வித்வானாக வேண்டும் என்பதே அவருடைய கனவு. அந்தக் கனவு பலிக்கவில்லை. ஆனால் அது வீணாகவும் போகவில்லை. அது போன வழிதான் இந்தக் கதை.

பாட்டும் பரம்பரையும்

ஜெயசாமராஜ உடையார் 1919-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி மைசூரில் பிறந்தார். தந்தை, யுவராஜா கண்டீரவ நரசிம்மராஜ உடையார். அப்போது மைசூரை ஆண்டவர் பெரியப்பா நால்வடி கிருஷ்ணராஜ உடையார். அவருக்குப் பிள்ளை இல்லை. ஆகவே பெரியப்பாவுக்குப் பின் தந்தை, தந்தைக்குப் பின் மகன் என்பது ஏற்பாடு.

பெரியப்பா சங்கீதத்தில் ஊறியவர். பல வாத்தியங்களை வாசிக்கத் தெரிந்தவர். அவருடைய சமஸ்தானத்தில் வீணை சேஷண்ணாவும், மைசூர் வாசுதேவாசாரியாரும் ஆஸ்தான வித்வான்களாக விளங்கினார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரையும் வரவழைத்து அவர் கௌரவித்தார். பாகவதர் சாமுண்டீஸ்வரி மீது 108 கீர்த்தனைகள் பாடியது அந்தச் சமஸ்தானத்தில்தான்.

ஒருபுறம் வீணையும் மிருதங்கமும் ஒலித்தன. மறுபுறம் அரண்மனையின் மேல்நாட்டு வாத்திய கோஷ்டி ஒலித்தது. இரண்டையும் ஒருசேரக் கேட்டு வளர்ந்தவர் இளவரசர் ஜெயசாமராஜர்.

தங்கை விஜயா தேவியும் அப்படியே. அவர் வெங்கடகிரியப்பாவிடம் வீணை கற்றார். லண்டன் டிரினிட்டி சங்கீதக் கல்லூரியைச் சேர்ந்த ஆல்பிரட் மிஸ்டோவ்ஸ்கியிடம் பியானோ கற்றார். பிற்காலத்தில் நியூயார்க் சென்று எட்வர்ட் ஸ்டாயர்மன் என்ற பெரிய பியானோ ஆசானிடமும் பயின்றார்.

அண்ணனின் மனம் பியானோவிலேயே லயித்தது.

ஹார்மோனியம் அல்ல!

பியானோ என்றதும் நம் பக்கத்து மக்களுக்கு ஹார்மோனியம்தான் நினைவுக்கு வரும். நாடக மேடையில் பார்த்துப் பழகிய வாத்தியம் அது. இரண்டிலும் வெள்ளையும் கறுப்புமாகக் கட்டைகள் இருக்கின்றன. ஒற்றுமை அவ்வளவோடு சரி.

ஹார்மோனியத்தில் பாடுவது காற்று. துருத்தியை அசைத்தால் காற்று பாய்ந்து உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகளை அதிர வைக்கும். பியானோவில் பாடுவது கம்பி. கட்டையை விரலால் அழுத்தினால், கம்பளி போர்த்திய சிறு சுத்தி ஒன்று எழும்பிக் கம்பியைத் தட்டும். மெல்ல அழுத்தினால் மெல்லிய நாதம். ஓங்கி அழுத்தினால் இடி முழக்கம்.

பியானோவில் 88 கட்டைகள் உண்டு. அவற்றில் 52 வெள்ளை, 36 கறுப்பு. உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட உருக்குக் கம்பிகள். அத்தனை கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு பல டன் இருக்கும். அதைத் தாங்க இரும்புச் சட்டம் வேண்டும். கச்சேரிக்குரிய பெரிய பியானோ சுமார் 9 அடி நீளம். அதன் எடை கிட்டத்தட்ட அரை டன்!

இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரில், 1700-ம் ஆண்டு வாக்கில், கிறிஸ்டோபோரி என்பவர் உண்டாக்கிய வாத்தியம் இது.

இதை வாசித்துக் கச்சேரி செய்வது எளிதல்ல. குழந்தைப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். தினம் பல மணி நேரம் சாதகம் செய்ய வேண்டும். பத்து விரல்களும் பத்து வேலைக்காரர்களைப் போல, தனித்தனியாகவும் ஒற்றுமையாகவும் உழைக்க வேண்டும்.

"கஞ்சர்ட்டோ" என்று ஓர் உருப்படி உண்டு. நம் கச்சேரியில் பிரதான வித்வானுக்கு வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியம். கஞ்சர்ட்டோவில் ஒரே பியானோவுக்கு எழுபது எண்பது பேர் கொண்ட வாத்திய கோஷ்டியே பக்கத் துணை! அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்த உருப்படியைப் பியானோ வித்வான் பெரும்பாலும் ஏட்டைப் பாராமல் வாசிப்பார். ஒரு மாதம் சாதகம் தவறினாலும் விரல் சொன்னபடி கேட்காது.

இந்த வாழ்க்கைக்குத்தான் இளவரசர் ஆசைப்பட்டார்.

ஐந்து மாதத்தில் இரண்டு இடி

படிப்பிலும் அவர் கெட்டிக்காரர். 1938-ம் ஆண்டு மைசூர் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றார். பரிசுகளும் தங்கப் பதக்கங்களும் கிடைத்தன. 1939-ல் ஐரோப்பா சென்று வந்தார். மேல்நாட்டு இசையின் தாயகத்தை நேரில் கண்டார்.

பெரியப்பா ஆளுகிறார். அவருக்குப் பின் தந்தை இருக்கிறார். சிம்மாசனம் தம்மிடம் வரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் பியானோவில் பெயர் எடுத்துவிடலாம் என்று ஓர் இளைஞர் எண்ணினால் அதில் தவறு என்ன?

ஆனால் நடந்தது வேறு.

1940-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி தந்தை பம்பாயில் காலமானார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், ஆகஸ்டு 3-ந் தேதி பெரியப்பாவும் கண்ணை மூடினார். ஐந்தே மாதத்தில் இரண்டு மரணங்கள்! செப்டம்பர் 8-ந் தேதி ஜெயசாமராஜர் மைசூரின் மகாராஜாவாக முடி சூடினார். அப்போது அவருக்கு வயது 21.

ஒரு நாட்டின் அரசர் லண்டனிலும் வியன்னாவிலும் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்ய முடியுமா? காலை முதல் மாலை வரை பியானோ முன்னால் உட்கார்ந்திருக்க முடியுமா? உலகத்தில் அப்போது மகாயுத்தம் வேறு நடந்துகொண்டிருந்தது.

முடி வந்தது. மேடை போயிற்று.

ஆனாலும் அவர் பியானோவைப் பூட்டி வைத்துவிடவில்லை. அரசாங்க அலுவல்களுக்கு நடுவிலும் வாசித்தார், படித்தார். 1945-ல் லண்டன் கில்டுஹால் சங்கீதப் பள்ளியின் "லைசென்ஷியேட்" பட்டம் பெற்றார். அதே ஆண்டு லண்டன் டிரினிட்டி சங்கீதக் கல்லூரி அவரைக் கௌரவ "பெல்லோ"வாக ஏற்றுக்கொண்டது. முதல் பட்டம் படித்து வாங்கியது. முடி தரித்த ஒருவர் பரீட்சைக்குப் படித்தார் என்றால் அவர் மனம் எங்கே இருந்தது என்பது விளங்கும்.

இருபதாயிரம் தட்டுகள்

தாம் வாசிக்கப் போக முடியாத இசை, தம் வீட்டுக்கே வரட்டும் என்று மகாராஜா நினைத்தார் போலும். உலகத்தில் எங்கெங்கே நல்ல இசைத்தட்டு வெளிவருகிறதோ அங்கெல்லாமிருந்து வரவழைத்தார். அவரிடம் சேர்ந்த தட்டுகள் ஏறக்குறைய இருபதாயிரம்!

அந்தக் காலத்து இசைத்தட்டு அரக்கினால் ஆனது. கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கும். நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றும். பெரிய தட்டானாலும் ஒரு பக்கத்தில் நாலு அல்லது ஐந்து நிமிஷ சங்கீதமே அடங்கும். ஒரு கஞ்சர்ட்டோவை முழுதாகக் கேட்க எட்டு ஒன்பது பக்கங்கள் மாற்றிப் போட வேண்டும்.

இப்படிக் கேட்டுக் கேட்டு, மகாராஜாவின் மனம் ஒருவருடைய இசையில் போய் நின்றது. அந்த மனிதர் அன்றைக்கு லண்டனில் இருந்தார். ஆனால் லண்டனிலேயே அவரை அறிந்தவர்கள் மிகச் சிலர்தாம்.

மறக்கப்பட்ட மேதை

அவர் பெயர் நிகோலாய் மெட்னர். 1880-ல் மாஸ்கோவில் பிறந்தவர். மாஸ்கோ சங்கீதக் கல்லூரியில் 1900-ம் ஆண்டு தங்கப் பதக்கத்துடன் தேறிய பியானோ வித்வான். மூன்று கஞ்சர்ட்டோக்களும், பதினான்கு பியானோ சொனாட்டாக்களும், நூறுக்கு மேற்பட்ட பாட்டுகளும் இயற்றியவர். பியானோ இல்லாத உருப்படி அவரிடம் கிடையாது.

உலகப் புகழ் பெற்ற ராக்மானினாப் இவருடைய நெருங்கிய நண்பர். தம் காலத்து இசையமைப்பாளர்களில் மெட்னரை மிக உயர்ந்தவராகப் போற்றியவர் அவர். தம்முடைய நாலாவது பியானோ கஞ்சர்ட்டோவை மெட்னருக்கே சமர்ப்பித்தார். மெட்னர் தம் இரண்டாவது கஞ்சர்ட்டோவை ராக்மானினாப்புக்குச் சமர்ப்பித்தார்.

ஆனால் நண்பருக்குக் கிடைத்த புகழும் பொருளும் மெட்னருக்குக் கிடைக்கவில்லை. ரஷ்யாவில் புரட்சி நடந்த பின், 1921-ல் அவர் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். ஜெர்மனி, பிரான்சு என்று அலைந்து, 1930-களின் நடுவில் லண்டனில் குடியேறினார். பியானோ சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார்.

புதுமை மோகம் பிடித்த காலம் அது. மெட்னரோ பழைய இலக்கணத்தை விட்டு விலகாதவர். ஆகவே அவருடைய இசைக்குக் கூட்டம் சேரவில்லை. யுத்தம் வந்ததும் ஜெர்மனியிலிருந்த பதிப்பாளரிடமிருந்து வந்த வருமானமும் நின்றது. 1942-ல் மாரடைப்பு வந்தது. 1943-ல் நண்பர் ராக்மானினாப்பும் போய்விட்டார்.

வயதோ அறுபதைத் தாண்டிவிட்டது. இருதயம் பழுது. கையில் பணமில்லை. அவர் இயற்றிய மூன்று கஞ்சர்ட்டோக்களை அவருடைய விரல்களே வாசித்து யாரும் தட்டில் பிடிக்கவில்லை. அவர் மறைந்தால் அந்த வாசிப்பும் அவரோடு மறைந்துவிடும்.

இந்தச் சமயத்தில்தான் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து, மைசூரிலிருந்து, கை நீண்டது.

ஒருவரே கொடுத்த மகமை

லண்டனில் வால்டர் லெக் என்று ஒருவர் இருந்தார். இசைத்தட்டுக் கம்பெனியில் பதிவுகளை நடத்தும் நிபுணர். 1945-ல் "பில்ஹார்மோனியா" என்ற வாத்திய கோஷ்டியைத் தொடங்கியவரும் அவரே. மகாராஜா அவரை மைசூருக்கு அழைத்தார்.

வந்தவர் அசந்து போனார். அரண்மனையில் இசைத்தட்டு நூல்நிலையம்! வரிசையாக ஒலிபெருக்கிகள்! ஒன்றுக்குப் பலவாகக் கச்சேரிப் பியானோக்கள்! எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞர்!

விலை போகாத இசையைத் தட்டில் பதிவு செய்ய லெக் ஏற்கெனவே ஒரு வழி கண்டிருந்தார். இசைப் பிரியர்களைச் சங்கமாகச் சேர்ப்பார். ஒவ்வொருவரும் முன்பணம் கட்டுவார்கள். பணம் சேர்ந்ததும் பதிவு நடக்கும்.

விருதுநகர் மக்களுக்கு இது புதிதல்ல. வியாபாரிகள் ஒவ்வொரு மூட்டைக்கும் சிறு தொகை ஒதுக்கிச் சேர்த்த மகமைப் பணத்தில் பள்ளிக்கூடங்களே எழுந்தன. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்ததுதான். பலர் கொடுக்கும் சிறு துளி பெருவெள்ளம் ஆகும்.

ஆனால் மெட்னருக்குத் துளி கொடுக்கவே ஆள் போதாது. அப்போது மகாராஜா, மொத்தச் செலவையும் தாமே ஏற்பதாகச் சொன்னார். "மெட்னர் சங்கம்" பிறந்தது. பலர் சேர்ந்து கொடுக்க வேண்டிய மகமையை ஒருவரே கொடுத்தார்!

அதோடு நிற்கவில்லை. பில்ஹார்மோனியா கோஷ்டி காலூன்ற, ஆண்டுக்கு 10,000 பவுன் வீதம் மூன்று ஆண்டுகள் உதவவும் ஒப்புக்கொண்டார். அன்றைய மாற்று விகிதத்தில் மொத்தம் நாலு லட்சம் ரூபாய்! 1948-ல் லண்டன் பில்ஹார்மோனியா கச்சேரி சங்கத்தின் முதல் தலைவர் பதவி மைசூர் மகாராஜாவைத் தேடி வந்தது.

அறுபத்தேழு வயதில்

1947-ல் மெட்னர் பதிவு மேடையில் பியானோ முன் உட்கார்ந்தார். வயது 67. இருதய நோயாளி. பின்னால் பில்ஹார்மோனியா கோஷ்டி.

அன்றைய பதிவு முறை இன்றையதைப் போல அல்ல. தவறிய இடத்தை வெட்டி ஒட்ட முடியாது. நாலரை நிமிஷத் துண்டு ஒன்றில் கடைசி விநாடியில் ஒரு விரல் பிசகினாலும், அந்தத் துண்டு முழுவதையும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வாலிப வயதினருக்கே முதுகு ஒடியும் வேலை!

மெட்னர் வாசித்தார். மூன்று கஞ்சர்ட்டோக்களும் பதிவாயின. பிறகு சொனாட்டாக்கள், சிறு உருப்படிகள், பாட்டுகள் பதிவாயின. புகழ்பெற்ற பாடகி எலிசபெத் ஷ்வார்ஸ்காப் அவருடைய பாட்டுகளைப் பாட, மெட்னரே பியானோ வாசித்தார். இரண்டு பியானோக்களுக்கான உருப்படி ஒன்றில் பென்னோ மொய்சேவிச் என்ற பெரிய வித்வான் அவரோடு சேர்ந்து வாசித்தார்.

நன்றிக்கு அடையாளமாக மெட்னரிடம் கொடுப்பதற்கு என்ன இருந்தது? தம் மூன்றாவது கஞ்சர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்குச் சமர்ப்பித்தார்.

1951-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி மெட்னர் லண்டனில் காலமானார். நாலைந்து ஆண்டுகள் தாமதித்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்!

கிழவரின் கடைசிப் பாட்டுகள்

மகாராஜா செய்தது இது ஒன்றல்ல. பாலாகிரெவ், ரூசெல் போன்றவர்களின் அதிகம் கேட்கப்படாத சிம்பனிகளும் தட்டில் வரவேண்டும் என்றார். ஹெர்பர்ட் வான் கராயன் நடத்த, பில்ஹார்மோனியா அவற்றை வாசித்தது. அந்தக் கராயன்தான் பின்னால் உலகம் முழுவதும் பெயர் பெற்றவர்.

ஜெர்மன் மேதை ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், 1948-ல் தமது 84-ம் வயதில் நாலு பாட்டுகள் இயற்றினார். அவற்றை மேடையில் கேட்காமலே மறு ஆண்டு மறைந்தார். 1950-ம் ஆண்டு மே 22-ந் தேதி, லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அந்தப் பாட்டுகள் அரங்கேறின. பாடியவர் கிர்ஸ்டன் பிளாக்ஸ்டாட். நடத்தியவர் பூர்ட்வாங்லர். வாசித்தது பில்ஹார்மோனியா.

அந்த அரங்கேற்றத்துக்கு 4,800 டாலர் ஜாமீன் கொடுத்தவர் யார்? மைசூர் மகாராஜாதான்! அதற்கு அவர் கேட்ட பிரதிபலன் ஒன்றே ஒன்று. கச்சேரியைப் பதிவு செய்து தமக்கு அனுப்ப வேண்டும்! ஐயாயிரம் மைலுக்கு இப்பால் உட்கார்ந்து அதைக் கேட்டால் அவருக்குப் போதும்.

வீணையின் பக்கம்

இவ்வளவு மேல்நாட்டு மோகம் கொண்டவர் நம் சங்கீதத்தை மறந்தாரோ என்று எண்ணலாம். இல்லை.

பியானோவில் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குத் தாவலாமே தவிர, வழுக்கிச் செல்ல முடியாது. நம் சங்கீதத்தின் உயிரோ கமகம். சுரத்தை அசைத்து, குழைத்து, இழுக்க வேண்டும். அதற்கு வீணைக் கம்பி வேண்டும், குரல் வேண்டும். இந்த வித்தியாசத்தை இரண்டு கரைகளிலும் நின்று பார்த்தவர் மகாராஜா.

மைசூர் வாசுதேவாசாரியாரின் துணையோடு அவர் கர்நாடக சங்கீதத்தில் ஆழ்ந்தார். வீணையும் பயின்றார். தேவி உபாசகரான அவர், "ஸ்ரீவித்யா" என்ற முத்திரையோடு சமஸ்கிருதத்தில் 94 கீர்த்தனைகள் இயற்றினார். யாரும் அதிகம் தொடாத அபூர்வ ராகங்கள் பலவற்றை அவற்றில் கையாண்டார். அவருடைய கம்பீரநாட்டைக் கீர்த்தனை இன்றும் கச்சேரிகளில் கம்பீரமாக ஒலிக்கிறது.

அவை பெரும்பாலும் 1945-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் பிறந்தவை. அதே காலத்தில்தான் லண்டனில் மெட்னருக்கான ஏற்பாடுகளும் நடந்தன. ஒரே மனிதர் காலையில் தேவி கீர்த்தனையும் மாலையில் ரஷ்ய கஞ்சர்ட்டோவுமாக வாழ்ந்தார்!

மகாராஜா கவர்னர் ஆனார்

நாடு சுதந்திரம் பெற்றது. மைசூர் இந்தியாவோடு இணைந்தது. மகாராஜா முதலில் ராஜப்பிரமுகராகவும், 1956-லிருந்து மைசூர் ராஜ்யத்தின் கவர்னராகவும் இருந்தார். 1964 மே மாதம் சென்னைக்கு வந்தார். 1966 ஜூன் வரை இங்கே கவர்னராக இருந்தார்.

அந்த இரண்டு ஆண்டுகள் தமிழ்நாடு அமைதியாக இருந்த காலம் அல்ல. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1965-ல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டு பாகிஸ்தானுடன் யுத்தம் மூண்டது. இந்தச் செய்திகளுக்கு நடுவே, கிண்டி ராஜ்பவனில் இருப்பவர் ஒரு பியானோக் கலைஞர் என்று யாருக்கு எண்ணத் தோன்றும்?

ஆனால் சங்கீத உலகம் மறக்கவில்லை. 1966-ம் ஆண்டு சங்கீத நாடக அகாடமி தனது மிக உயர்ந்த கௌரவமான "பெல்லோஷிப்"பை அவருக்கு வழங்கியது.

1971-ல் மன்னர் மானியம் ஒழிந்தது. 1974-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி ஜெயசாமராஜ உடையார் காலமானார். வயது 55. அதே ஆண்டில் தங்கை விஜயா தேவி பெங்களூரில் சர்வதேச சங்கீத, கலைச் சங்கம் ஒன்றை நிறுவினார். அண்ணனும் தங்கையும் சிறு வயதில் கேட்ட இரண்டு சங்கீதங்களுக்கும் அதில் இடம் இருந்தது. அவர் 2005 வரை வாழ்ந்தார்.

விரல்கள் இன்னும் வாசிக்கின்றன

மெட்னரை உலகம் மறுபடி கண்டுகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. இன்று பெரிய பியானோ வித்வான்கள் அவருடைய கஞ்சர்ட்டோக்களை மேடையேற்றுகிறார்கள். "இந்த இடத்தை அவர் எப்படி வாசித்தார்?" என்று சந்தேகம் வந்தால், மைசூர் பணத்தில் பதிவான அந்தத் தட்டுகளைத்தான் கேட்கிறார்கள். அரக்குத் தட்டிலிருந்து நீள்தட்டுக்கும், அதிலிருந்து குறுந்தட்டுக்கும் அவை மாறி வந்துவிட்டன.

அவற்றைக் கேட்க இப்போது அரண்மனையும் வேண்டாம், இருபதாயிரம் தட்டும் வேண்டாம். சூலக்கரை பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஒரு பையன், கையிலுள்ள செல்போனில் மெட்னரின் பெயரைத் தட்டினால் போதும். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துபோன விரல்கள் அவனுக்காக வாசிக்கும். கல்யாண வீட்டில் காருகுறிச்சியார் வாசிப்பதைப் போல!

அந்தப் பதிவில் மகாராஜா வாசிக்கவில்லை. அவர் ஆசைப்பட்ட மேடை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. ஆனால் மூன்றாவது கஞ்சர்ட்டோவின் ஏட்டைப் புரட்டும் ஒவ்வொரு பியானோ வித்வானும், சுரங்களைப் பார்க்குமுன் ஒரு பெயரைப் பார்க்கிறார். அது மைசூர் மகாராஜாவின் பெயர்.